காம்போடு நின்ற ரோசா

சேலத்து மலர் வளர்ப்போர் சிலர் ஒன்றுகூடிப் பூவுக்கென்றே ஒரு குளிரறை கட்டியிருக்கிறார்கள். சென்ற திங்கள் என்னை அழைத்துச் சென்று காட்டினார்கள். கதவைத் திறந்தவுடன் மார்கழி வந்து முகத்தில் மோதியது. உள்ளே வெட்டிய ரோசாக்கள் வாளி வாளியாக நின்றன. சாடி நீரில் கலப்பதற்கென்று ஒரு வெண்பொடியையும் காட்டினார்கள். நான் அதில் சிறிது எடுத்து நாவில் வைத்தேன்.

“ஐயா, ஐயா! அதத் திங்கக் கூடாதுங்க!” என்று ஓர் இளைஞர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“இனிப்பும் புளிப்பும் இருக்குது. நாங்க சர்க்கரையும் எலுமிச்சஞ்சாறும் போட்டோம். நீங்க பொட்டலம் கட்டிப் போடறீங்க” என்றேன்.

சிரித்தார்கள். பிறகு, குளிரறையும் பொடியும் இல்லாத காலத்தில் வெட்டிய ரோசாவை எவ்வாறு காத்தீர்கள் என்று எழுதித் தருமாறு கேட்டார்கள். எழுதுகிறேன். ஓய்வு பெற்றவர்கள் தம் பணியைக் குறைத்துக் கூறுவது நாகரிகமாகக் கருதப்படுகிறது. எனக்கு அந்த நாகரிகம் வாய்க்கவில்லை. நாங்கள் வெட்டிய ரோசா வைகாசி வெயிலிலும் தலை சாயாமல் நின்றது. அதனை நிற்கச் செய்தவர்களுள் நானும் ஒருவன்.

நான் பிறந்தது அம்மாபேட்டையில், தறி நெய்யும் குடும்பத்தில். தமிழை முறையாகக் கற்றேன். ஆனால் கற்பிக்கும் வேலை கிட்டவில்லை. திருச்செங்கோட்டுச் சாலையில் தேவசகாயம் என்பவர் நடத்திய ரோசாத் தோட்டத்துக்குக் கடிதம் எழுத ஆள் தேவை என்று கேள்வியுற்றுச் சென்றேன். சில காலம் கடிதம் எழுதினேன். சில காலம் செடிக்கு எரு வைத்தேன். பின்னர்ப் பூக்கிடங்கின் பொறுப்பு என் கைக்கு வந்தது. ஓய்வு பெறும் வரையில் அக்கிடங்கை விட்டு நான் நகரவில்லை. தமிழ் படித்தவன் என்பதால் தோட்டத்தார் என்னைப் ‘புலவர்’ என்றே அழைத்தார்கள். அதில் பாதி மதிப்பும் பாதி கேலியும் இருந்தன.

அப்போது மேட்டூரில் அணை எழும்பிக்கொண்டிருந்தது. அங்கிருந்த பொறியாளர் குடியிருப்புக்கும் சேலத்துத் துரைமார் மாளிகைகளுக்கும் எங்கள் பூக்கள் சென்றன. கூந்தலில் சூடும் நம் பெண்களுக்குக் காம்பு வேண்டா. மாலை தொடுப்பவர்க்கும் வேண்டா. மேசைமேல் சாடியில் நிறுத்துவோருக்கே காம்பு நீளமாக வேண்டும். நீண்ட காம்போடு வெட்டிய ரோசாவைப் பேருந்தின் கூரையில் ஏற்றி மேட்டூர் வரை அனுப்புவது எளிய செயலன்று. மேச்சேரிக்கு அருகில் செம்மறி ஆட்டுமந்தை சாலையை மறித்துக்கொண்டால் பேருந்து நின்றுவிடும். நிற்கும் ஒவ்வொரு நொடியும் பூவின் ஆயுள் குறையும். ஆகவே, வழியில் எது நேர்ந்தாலும் தாங்கும் வலிமையைக் கிடங்கிலேயே பூவுக்கு ஊட்டி அனுப்ப வேண்டியிருந்தது.

அதற்கு நாங்கள் கையாண்ட முறை இது. கிழக்கு வெளுக்கும் வேளையில், மொட்டைத் தாங்கும் பச்சை இதழ்கள் கீழ்நோக்கி மடங்கி, புறவிதழ் ஒன்று மட்டும் விலகத் தொடங்கிய பூவையே வெட்டுவோம். அதற்கு முன் வெட்டினால் மொட்டு மலராமலே கழுத்து முறிந்து தொங்கும். பின் வெட்டினால் வழியிலேயே விரிந்துவிடும். நீர் நிறைந்த வாளியைச் செடியருகே கொண்டு செல்வோம்; வெட்டிய பூவை வாளிக்குக் கொண்டு வருவதில்லை. கிடங்கில், காம்பின் நுனியை நீருக்குள் வைத்தபடியே மறுமுறை சாய்வாக வெட்டுவோம். காற்றில் வெட்டினால் காம்பின் நுண்குழல்களில் காற்றுப் புகுந்து அடைத்துக்கொள்ளும். பின்னர் நீர் ஏறாது. நீரில் மூழ்கும் இலைகளையும் முட்களையும் களைந்துவிடுவோம். புளியும் சாம்பலும் இட்டுத் துலக்கிய செப்புக் குடங்களையே பயன்படுத்தினோம். செம்பில் நீர் எளிதில் கெடுவதில்லை. குடத்து நீரில் சில துளி எலுமிச்சைச் சாறும் ஒரு சிட்டிகைச் சர்க்கரையும் சேரும். வாசலில் வெட்டிவேர்த் தட்டி தொங்கும். சுவரோரம் ஈரச் சாக்குகள். வழியிலே சோர்ந்து வந்த பூவை வெதுவெதுப்பான நீரில் கழுத்தளவு நிறுத்தினால் நிமிர்ந்துகொள்ளும்.

இவற்றுள் ஒன்றை நிலைநிறுத்தத்தான் நான் மிகவும் பாடுபட்டேன். நம் பக்கத்தில் பூவைக் கையில் எடுத்தவுடன் நீர் தெளிப்பார்கள். மல்லிகைக்கும் முல்லைக்கும் அது பொருந்தும். ரோசாவின் இதழ்களுக்கிடையே தங்கும் நீரோ புழுக்கத்தில் அழுகலாய் முடியும். பூ வெட்டும் பெண்களுக்குத் தலைவியான பழனியம்மாள் இதை ஏற்கவில்லை.

“தண்ணி தொளிக்காத பூவு பூவாட்டமா இருக்குதுங்களா, புலவருங்க?”

“அதுக்கு வாயி கீழ இருக்குது, பழனியம்மா. மூஞ்சீல ஊத்துனாத் தாகம் அடங்குமா?”

“அப்பறம் ஏனுங்க நீங்க வெய்யல்ல வந்தா மொதல்ல மூஞ்சியக் கழுவறீங்க?”

சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். ஆயினும் அன்றோடு தெளிப்பு நின்றது.

தேவசகாயம் அவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். திருநெல்வேலிச் சீமையில் பிறந்து, நீலமலைத் தோட்டமொன்றில் தொழில் பயின்று, சமவெளியிலும் ரோசாவை வளர்க்க முடியும் என்று உறுதி பூண்டு இங்கு வந்தவர். கோடையிலும் கறுப்பு மேலங்கியைக் கழற்ற மாட்டார். எவரையும் அவர் கடிந்து பேசி நான் கேட்டதில்லை. தவறாக வெட்டிய பூ கண்ணில் பட்டால் அதனை எடுத்துத் தம் மேலங்கியின் பொத்தான் துளையில் செருகிக்கொள்வார். பொழுது சாயும் வரை அதனுடனேயே தோட்டத்தில் உலவுவார். பூ வாட வாட, அதை வெட்டியவரின் முகமும் வாடும்.

“நாலு வார்த்த வஞ்சு போட்டாக்கூடத் தேவலைங்க” என்பாள் பழனியம்மாள். “நாம் பண்ணுன தப்ப நெஞ்சுல குத்திக்கிட்டுப் போறாரு. சோறு எறங்குமா?”

தோட்டம் அவருடையது, நிலம் அவருடையதன்று. அது பெரியண்ணக் கவுண்டர் என்னும் பெருநிலக்கிழாரின் நிலம். குத்தகை முடியும் தறுவாயில் கவுண்டர் ஒருநாள் வரப்பின்மேல் வந்து நின்றார். கிணற்று நீர் பாயும் மண்ணில் முட்செடி வளர்வது அவருக்கு என்றுமே உவப்பாயிருந்ததில்லை.

“சேலத்துல தொரை ஊட்டு மேசையில உங்க பூவப் பாத்தனுங்க” என்றார் தேவசகாயம் அவர்களிடம். “நாலஞ்சு நாளா அப்படியே நிக்குதுன்னு தொரையம்மா சொல்லுச்சு. நெசமுங்களா?”

“நெசந்தான்.”

“அப்ப எம் பொண்ணு கல்யாணத்துக்கு மணவறையச் சுத்திக் காம்போட நிறுத்துங்க. மூணு நாளும் நிக்கோணும். நின்னுதுன்னா இந்த நெலம் உங்க கையிலயே இருக்கட்டும். தலையத் தொங்கப் போட்டுதுன்னா, அடுத்த வெள்ளாமைக்குக் கடலக்காய் போட்டுருவேன். கடலக்காய் தலையத் தொங்கப் போட்டா ஒருத்தரும் பாக்கறதில்லைங்க.”

“நிக்கும்” என்றார் தேவசகாயம் அவர்கள். கவுண்டர் சென்றபின் என் பக்கம் திரும்பினார். “நிக்கும்னு சொல்லிட்டேன் வே. நிக்க வைக்கது உம்ம பாடு.”

நிலம் போனால் செடிகளைப் பெயர்த்துச் செல்ல இடமில்லை. கடலை வயலில் விதைப்புக்கும் பறிப்புக்கும் மட்டுமே ஆள் வேண்டும். பழனியம்மாளுக்கும் அவளோடு வெட்டிய பெண்களுக்கும் ஆண்டு முழுவதும் கிடைத்த வேலை போய்விடும். இதனை எவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் அத்திருமணத்துக்கென்று பூ வெட்டிய விடியலில், வழக்கமாகப் பாடிக்கொண்டே வெட்டும் பெண்கள் ஒருவரும் பாடவில்லை.

திருமணத்துக்கு முந்திய நாளே பூக்களை வண்டியில் கொண்டு சென்றோம். கவுண்டரின் வீட்டு உள்ளறையைக் கண்டதும் என் உள்ளம் குளிர்ந்தது. தடித்த மண்சுவர், சிறிய சாளரம், நண்பகலிலும் தண்மை. எங்கள் கிடங்கைவிட நல்ல அறை. அதிலேயே வாழைக்குலைகளும், வைக்கோலில் அடுக்கிய மாங்கனிகளும், தேங்காயும், வெற்றிலையும் விருந்துக்கும் சீருக்குமாகக் குவிந்திருந்தன. நடுவே குத்துவிளக்கு எரிந்தது. கவுண்டர் குலத்துத் திருமணத்தை முன்னின்று நடத்தும் மூத்தவரை அருமைக்காரர் என்பார்கள். சீர்ப்பொருள் யாவும் ஒரே விளக்கின்கீழ் இருக்க வேண்டும் என்பது அவருடைய கட்டளை. ஆகவே எங்கள் குடங்களையும் அங்கேயே வைக்கச் சொன்னார். நான் மகிழ்ந்து வைத்தேன். வாய் அகன்ற ஒரு குடம் மட்டும் வாசற்படியில் நுழையாததால் முன்கூடத்திலேயே நின்றுவிட்டது.

மறுநாள் காலையில் உள்ளறைக்குள் சென்று முதற்குடத்தைத் தூக்கினேன். தூக்கிய அசைவிலேயே இதழ்கள் உதிர்ந்தன. அடுத்த குடத்தைத் தொட்டேன், அதிலும் அவ்வாறே. வாடியிருந்தால் நீரில் குறை என்றிருப்பேன். இவை வாடவில்லை, காம்பு விறைப்பாகவே நின்றது, இதழ் மட்டும் கழன்றது. தேவசகாயம் அவர்கள் என் பின்னால் வந்து நின்றார். இதழிழந்த காம்பு ஒன்றை எடுத்து, தம் மேலங்கியின் பொத்தான் துளையில் செருகிக்கொண்டார்.

வீடு முழுதும் பேச்சாயிற்று. உறவுக்காரப் பெண்கள் கண்ணேறு என்றார்கள். கிணற்று நீரில் உப்பு என்றார் ஒருவர். கவுண்டர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “இன்னிக்கு ஒறம்பரைச் சனம் கம்மி, போனாப் போகுது. நாளைக்கு விடியக்காலம் முகூர்த்தம். ஊரே வந்து நிக்கும். அப்பப் பாக்கறனுங்க.”

முகூர்த்தம் விடியலில் என்றால் பூவை அன்று மாலையே வெட்டி, இரவு முழுதும் அவ்வீட்டில் வைத்தாக வேண்டும். செடியில் மறுநாளைக்கென விட்டிருந்த மொட்டுகள் இருந்தன. அவையும் உதிர்ந்தால் வெட்டுவதற்கு வேறில்லை. ஏன் உதிர்ந்தன என்பதை மாலைக்குள் அறிந்தாக வேண்டும்.

முன்கூடத்துக்குப் போனேன். வாசற்படியில் நுழையாத அந்த அகன்ற குடத்துப் பூக்கள் அப்படியே நின்றன. அதே விடியலில் வெட்டியவை; அதே நீர்; அதே செம்பு. அடுப்பின் அனலும் ஆட்களின் நெருக்கமும் இருந்த கூடம் அது. குளிர்ந்த அறையில் இருந்தவை உதிர, அனலில் இருந்தவை நின்றன என்றால், குற்றம் பூவினுடையதன்று, நீரினுடையதும் அன்று. மீண்டும் உள்ளறைக்குள் சென்று கதவைச் சார்த்திக்கொண்டு நின்றேன். பழுத்துக்கொண்டிருந்த வாழையும் மாவும் மூச்சை அடைத்தன. அந்த அறையில் இருந்ததும் கூடத்தில் இல்லாததும் அந்த மணம் ஒன்றே.

“பழம் வேலையக் காட்டுதுன்னு தோணுதுங்க” என்றேன் தேவசகாயம் அவர்களிடம்.

அவர் உள்ளறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். “இருக்கலாம். இல்லாமலும் போகலாம். எங்கிட்ட ஏன் கேக்கீரு? பூக்கிட்டயே கேளும்” என்றார்.

பூவிடமே கேட்டேன். கூடத்துக் குடத்திலிருந்து இரண்டு கைப்பிடிப் பூக்களை எடுத்து இரு செம்புகளில் நிறுத்தினேன். சமையற்கட்டிலிருந்து இரண்டு அண்டாக்களைக் கொண்டுவந்து, நிழலில் அவற்றின்மேல் கவிழ்த்தேன். ஒன்றனுள் கனிந்த வாழைச்சீப்பு ஒன்றையும் வைத்தேன். மற்றதில் பூ மட்டும். சமையற்காரர் கரண்டியோடு ஓடிவந்தார்.

“ஏனுங்க சாமி, ஊரே சோத்துக்கு ஒக்காந்திருக்குது, நீங்க அண்டாவக் கவுத்துப் போட்டுப் பூவ வேக வெக்கறீங்களா?”

“சாயங்காலம் குடுத்தர்றனுங்க.”

“சாயங்காலம் ரோசாப்பூக் கொழம்புதான் ஊத்தோணும் போல” என்று முனகிக்கொண்டே போனார்.

மாலை வெயில் சாய்ந்தபோது தேவசகாயம் அவர்கள் முன்னிலையில் அண்டாக்களைத் தூக்கினேன். தனித்திருந்த பூ சற்றே விரிந்திருந்தது. விரலால் சுண்டினேன், அசைந்து நின்றது. வாழையோடு இருந்த பூவைச் சுண்டினேன். இதழ்கள் ஒருசேரத் தரையில் கொட்டின. பழுக்கும் கனியிலிருந்து ஒருவகை வளி வெளிப்படுகிறது என்பதையும், அது மலரைக் கழலச் செய்யும் என்பதையும் பல ஆண்டுகள் கழித்தே ஏடொன்றில் படித்தேன். எனக்கு அதன் பெயர் அன்று தெரியாது. அதன் வேலை தெரிந்துவிட்டது. தேவசகாயம் அவர்கள் மேலங்கியிலிருந்த வெற்றுக் காம்பை உருவிக் கீழே போட்டார். “வெட்டச் சொல்லும்” என்றார்.

காரணம் தெரிந்துவிட்டது. அருமைக்காரர் இசைய வேண்டுமே! அவர் பந்தற்காலருகே வெற்றிலை மென்றுகொண்டு அமர்ந்திருந்தார். பூவை வேறிடத்தில் வைக்கலாமா என்று கேட்டேன்.

“அதெப்படீங்க?” என்றார். “பழமும் பூவும் ஒரே வெளக்குக்கடியில இருக்கோணும். எங்கய்யன் நடத்துன கல்யாணத்துலயும் அப்படித்தான். அதப் பிரிச்சு வெச்சா, நாளைக்குப் புருசன் பொஞ்சாதிக்குள்ள ஒரு வார்த்த வந்தாக்கூட அருமைக்காரன் சரியில்லைம்பாங்க.”

அவருடைய அச்சம் நியாயமானது. கவுண்டருக்கு நாங்கள் பொறுப்பு என்றால், அந்த மணமக்களுக்கு அவர் பொறுப்பு. வாதிடாமல் அவரை அழைத்துச் சென்று, உதிர்ந்த இதழ்களையும் உதிராத பூவையும் காட்டினேன். குனிந்து பார்த்தார். இதழ் ஒன்றைப் பொறுக்கி முகர்ந்தார்.

“ஒண்ணா வெச்சா இது சாவுது, பிரிச்சு வெச்சா முறை சாவுது. நல்ல கெரகமா இருக்குதுங்களே!” என்று சொல்லி உள்ளறை வாசலிலேயே நின்றார். அவ்வறைக்கு மேற்கே, நடுக்கதவு ஒன்றால் இணைந்த மற்றோர் அறை இருந்தது. அதில் உழவுக் கருவிகள் கிடந்தன. அவர் அதை எட்டிப் பார்த்தார்; என்னைப் பார்த்தார்; பிறகு சிரித்தார்.

“ஏனுங்க புலவரே, வெளக்க நடுக்கதவு நிலைப்படியில வெச்சா, அது எந்த ரூமு வெளக்குங்க?”

“ரெண்டுக்குந்தானுங்க.”

“ஆச்சு. ரெண்டுக்கும் ஒரே வெளக்கு. முறை நின்னுருச்சு. இனிப் பூவ நிறுத்தறது உங்க சோலி.”

ஏர்களையும் நுகத்தடிகளையும் வெளியேற்றி அறையைக் கழுவினோம். வைகாசியில் மேற்குக் காற்றுத் தொடங்கிவிடும். மேற்கு அறையின் சாளரத்தைத் திறந்து ஈரச் சாக்குத் தொங்கவிட்டோம். பழ அறையின் கிழக்குச் சாளரத்தையும் திறந்தோம். காற்று பூவின் மீது நுழைந்து பழத்தின் மீது வெளியேறியது. விளக்கின் சுடர் கிழக்கே சாய்ந்திருப்பதைக் கண்டபின்னரே நான் குடங்களை உள்ளே வைக்கச் சொன்னேன்.

விடியலில் முதற்குடத்தை நானே தூக்கினேன். ஓர் இதழும் விழவில்லை. வேண்டுமென்றே தரையில் சற்று ஓசையெழ வைத்தேன், அப்போதும் விழவில்லை. மணவறையைச் சுற்றி ரோசாக்கள் காம்பு நிமிர்ந்து நின்றன. மேளம் முழங்க, ஊர் முழுதும் நின்று பார்த்தது. அன்றும் மறுநாளும் வெயில் ஏறி இறங்கியது. மாலை தொடுத்த பூக்கள் சுருங்கின. பந்தலின் மாவிலை காய்ந்தது. எங்கள் பூக்கள் அவிழ்ந்து, விரிந்து, நின்றன. முதிய உறவுக்காரி ஒருத்தி ஒன்றை உருவிக் கொண்டையில் செருக முயன்று தோற்று, “பூவு நெம்ப நல்லாருக்குது. காம்பு எதுக்குச் சாமி இத்தன நீளம்? மாடு ஓட்டறதுக்கா?” என்று கேட்டாள்.  போகிற போக்கில் கவுண்டர் ஒரு பூவைச் சுண்டிப் பார்த்ததைக் கண்டேன். எங்களை வழியனுப்பியபோதும் நிலத்தைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை.

சில நாள் கழித்து, முதல் மழை பெய்து மண் ஈரமாயிருந்த காலையில், நான் கிடங்கில் குடம் துலக்கிக்கொண்டிருந்தேன். பழனியம்மாள் ஓடிவந்தாள்.

“புலவருங்க, கவுண்டரு ஏரு பூட்டிக்கிட்டு வாராருங்க!”

வெளியே வந்தேன். இரண்டு சோடி மாடுகளும் ஏர்களும் எங்கள் வரப்பை நோக்கி வந்தன; முன்னே கவுண்டர். வெட்டிக்கொண்டிருந்த பெண்கள் கையில் பூவோடு அப்படியே நின்றார்கள். தேவசகாயம் அவர்கள் மேலங்கியின் பொத்தான்களைப் பூட்டிக்கொண்டு வரப்பின் தலைமாட்டில் போய் நின்றார்.

“கொஞ்சம் அக்கட்டால நில்லுங்க, மாடு மெரளும்” என்றார் கவுண்டர். ஏர்கள் எங்கள் வாயிலைக் கடந்தன. செடிகளின் ஓரமாகவே சென்று, கடலை பறித்துக் கிடந்த அடுத்த வயலில் இறங்கின.

கவுண்டர் திரும்பிப் பார்த்துக் கத்தினார்: “எம் பையனுக்கும் பொண்ணு பேசி முடிச்சாச்சுங்க. இருக்கற பூவு பத்தாது. இதுலயும் உங்க முள்ளையே நட்டுப் போடுங்க!”

“நட்டிருவோம்” என்றார் தேவசகாயம் அவர்கள். வயலோரம் நடந்தார். குனிந்து, ஏர் புரட்டிய ஒரு கட்டியை எடுத்து உள்ளங்கையில் பொடித்தார். “மண்ணப் பாரும் வே” என்று என்னிடம் நீட்டினார்.

நான் பார்ப்பதற்குள் பழனியம்மாள் புடவையைச் செருகிக்கொண்டு வயலில் இறங்கிவிட்டாள். கடந்த வெள்ளாமையின் காய்ந்த கடலைக் கொடிகளை மாடுகளின் முன்னாலிருந்து கை கையாக வாரி வரப்புக்கு அப்பால் எறிந்தாள். மற்றப் பெண்களும் இறங்கினார்கள். அவர்களில் யாரோ ஒருத்தி பாடத் தொடங்கினாள்.